பிளைத்பரோ கூரையைத் துப்பாக்கியால் சுட்டது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள பிளைத்பரோ தேவாலயம் பற்றிய கட்டுரையைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். "கூரையிலுள்ள தேவதைகளைப் பியூரிட்டன் வீரர்கள் சுட்டுத் துளைத்தார்கள்" என்ற வரி வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

நான் 19 வருடமாக இப்ஸ்விச்சில் இருக்கிறேன். அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் அந்தத் தேவாலயத்துக்குப் போய்விடலாம். தேவாலயச் சிலைகளை உடைக்க அனுப்பப்பட்ட பியூரிட்டன் (கடும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்) அதிகாரி வில்லியம் டவ்சிங் 1644இல் அங்கே வந்தது உண்மை. இருபது தேவதூதர் உருவங்களை இறக்க வேண்டும் என்று தன் நாட்குறிப்பில் எழுதியதும் உண்மை. ஆனால் அந்த மரச் சிற்பங்களில் கிடைத்த ஈயக் குண்டுகள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உள்ளே புகுந்த ஜாக்டா காக்கைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு தேவாலயக் கணக்கேட்டிலேயே இருக்கிறது. டவ்சிங் செய்த அழிவே ஏராளம். செய்யாததையும் அவர் கூட்டத்தின் தலையில் ஏன் கட்டவேண்டும்?

அப்புறம், அது என்ன 'தேவதைகள்'? எங்கள் வேதாகமத்தில் தேவதூதர். கத்தோலிக்கர்கள் சம்மனசு என்பார்கள். இரண்டும் தாங்கள் அறியாத சொற்கள் அல்ல. ஞானஸ்நானத் தொட்டியின் படத்துக்குக் கீழே 'கல் தண்ணீர்த் தொட்டி' என்று போட்டிருக்கிறீர்கள். அதன் பக்கங்களில் ஞானஸ்நானம், திருமணம் போன்ற ஏழு திருச்சடங்குகளை, அதாவது திருவருட்சாதனங்களை, செதுக்கியிருந்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் அத்தனையையும் கொத்தி மழித்துவிட்டார்கள். அந்த மொட்டைக் கல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்தவர் இப்படி எழுதமாட்டார்.

1577 ஆகஸ்ட் 4 அன்று புயலோடு வந்ததாகச் சொல்லும் கறுப்பு நாய்க்கும், அதன் நகம் பட்டதாகச் சொல்லும் வடக்குக் கதவிலுள்ள கருகல் தடத்துக்கும் அரைப் பக்கம். பெஞ்சு முனைகளில் மனிதரின் பாவங்களைக் காட்டும் சிற்பங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்து "இவன் பெருந்தீனிக்காரன்" என்றார். படுக்கையில் உட்கார்ந்திருப்பவனைக் காட்டி "இது சோம்பேறி" என்றார். யாரும் விளக்கவில்லை. படிக்கத் தெரியாத ஜனங்களும் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றுதானே 15ஆம் நூற்றாண்டில் அப்படிச் செதுக்கி வைத்தார்கள்! அப்பா இப்போது இல்லை. அந்தப் பெஞ்சுகளைத் தேடித்தான் உங்கள் கட்டுரையைக் கடைசி வரை படித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு கட்டுரையில் சாதாரண ஊர்த் தேவாலயத்தைக் 'கதீட்ரல்' என்று எழுதியிருந்தீர்கள். பிஷப்பின் ஆசனம் இருந்தால்தான் கதீட்ரல் என்று அப்போதும் கடிதம் போட்டேன். அது அச்சிலும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

சரி, பழையது போகட்டும். அடுத்த இதழில் இரண்டே வரித் திருத்தம் போடுங்கள்: குண்டுகள் காக்கைகளுக்காகச் சுட்டவை, படத்திலிருப்பது ஞானஸ்நானத் தொட்டி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
இப்ஸ்விச்