மீட்டர் மேல் கிடந்த துண்டு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றுமில்லை. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரை ஓரங்கட்டிவிட்டுக் கைத்தடியோடு நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் பாதிக் கடிதம் அந்த டாக்ஸிக்காரனுக்கே போய்விட்டதே! "கிட்டத்துச் சவாரிக்கு வண்டி வராது" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனானா? இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா இல்லையா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. அதன் பின்னால் நானே இரண்டு மாதமாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

நான் ரயிலை விட்டு இறங்கும்போது இரவு பதினொன்றரை. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், மீட்டர் மேல் ஒரு துண்டு கிடந்தது. டிரைவரைக் கேட்டால், "ரிப்பேர் சார்" என்றான். வண்டி ஒரு வேகத்தடையில் குலுங்கியதில் துண்டு நழுவியது. உள்ளே சிவப்புப் பூஜ்யங்கள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் துண்டை இழுத்து மறுபடி மூடினான். கேட்ட காசு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் கை எத்தனை பழக்கமாகப் போய் வந்தது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. (டாக்ஸி என்கிற பெயரே டாக்ஸிமீட்டரிலிருந்துதான் வந்தது, தெரியுமோ? பெயர் கொடுத்தவனுக்கே முக்காடு!)

வண்டி எண்ணைக் குறித்துப் புகார் எழுதிப் போட்டேன். ஆறு வாரம் கழித்து, வேலை நாளில் காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். லீவு போட்டுவிட்டுப் போனேன். அதிகாரி நல்ல மனிதர்தான். "ரசீது இருக்கா?" என்றார். ஓடாத மீட்டர் எங்கே ரசீது கொடுக்கும்? "சாட்சி?" நானும் அவனும்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நிரூபணமானாலும் அபராதம் சொற்பம் சார். அதை ரெண்டு சவாரியில எடுத்துடுவான். நீங்கதான் இன்னொரு நாள் லீவு போடணும்." போட வேண்டியதாகிவிட்டது. அடுத்த வாரத்துக்கு வாய்தா.

வெளியே பெஞ்சில் டிரைவரும் நானும் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதலில் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே ஆரம்பித்தார். வண்டி சொந்தமில்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ராத்திரி முதலாளிக்கு வாடகை வைத்தாக வேண்டும். "வண்டி நின்னாலும் வாடகை நிக்காது சார்." ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று தன் முறை வரும்போது ஒருவர் பக்கத்துத் தெருவுக்கு ஏறினால், திரும்பி வந்து மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும். உன்னை விட்டுவிட்டுப் போனவனுக்கும் இதே கணக்காகத்தான் இருக்கும். கைத்தடியோடு நின்றவனை விட்டுப் போனது அதனால் சரியாகிவிடாது. ஆனால் இது திட்டினால் தீருகிற விஷயமில்லை. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில், கிட்டத்துச் சவாரியை முடித்துக் குறித்த நேரத்துக்குள் திரும்பும் டாக்ஸி மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படிச் செய்தால் போலீஸ் இல்லாமலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கூடுதல் காசு பிடுங்குகிற மீதிப் பாதிக்கு என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏதென்ஸ் நகரில் ஓர் ஆராய்ச்சிக் குழு 348 டாக்ஸிப் பயணங்கள் செய்து பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டது. ஊர் தெரியாதவர் மாதிரி பேசியவர்களைச் சுற்றுவழியில் கொண்டுபோயிருக்கிறார்கள். வெளிநாட்டவராகத் தெரிந்தவர்களிடம் பில்லிலேயே கைவைத்திருக்கிறார்கள். ஆக, ஏமாறுகிறவன் பெரும்பாலும் வெளியூர்க்காரன். அவன் ஆறு வாரம் கழித்து விசாரணைக்கு எங்கிருந்து வருவான்? உள்ளூர்க்காரனான எனக்கே ஒரு நாள் லீவு போயிற்று. புகார் கொடுத்தவன் வந்தால்தான் வழக்கு என்று விதி எழுதியவர் டாக்ஸியில் போனதே கிடையாது போலும்.

நியூயார்க்கில் 2010-இல் நடந்ததைக் கேள். நகருக்கு வெளியே போகும்போது மட்டும் போட வேண்டிய இரட்டிப்புக் கட்டணப் பொத்தானை டிரைவர்கள் நகருக்குள்ளேயே அழுத்தியிருக்கிறார்கள். வண்டியில் பொருத்தியிருந்த ஜிபிஎஸ் பதிவுகளை மீட்டர் பதிவுகளோடு ஒப்பிட்டதில்தான் அத்தனையும் வெளிவந்தது. முதலில் சுமார் 36,000 டிரைவர்கள் என்றார்கள், பிறகு கணக்கைச் சரிபார்த்து 21,819 என்று குறைத்தார்கள். குறைத்த பிறகும் இவ்வளவு! அதற்குப் பின், அந்தப் பொத்தானை அழுத்தினால் பின்சீட்டுத் திரையில் பயணிக்கே அறிவிப்பு வரும்படி செய்தார்கள். சாட்சி எங்கே, ரசீது எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சரி, டாக்ஸிப் புராணம் போதும். சின்னவளுக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது, மாதக் கடைசியில் கிளம்புகிறாள். வீடு வெறிச்சோடிப் போகும். உன்னால் படி ஏற முடிந்ததும் பத்து நாளாவது வந்து இரு.

வியாழக்கிழமை இரண்டாவது வாய்தா. நான் போனால் அந்த டிரைவருக்கும் அரை நாள் சவாரி போகும், போகாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். இவள் விட்டுத்தொலையுங்கள் என்கிறாள். துண்டை இழுத்து மூடிய அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது, அதனால் போவேன் என்றுதான் நினைக்கிறேன். நீயாக இருந்தால் என்ன செய்வாய், எழுது.

அன்புடன்,
ரகு