நாய்கள் விஷயமாக அப்பாவுக்கு

லண்டன்,
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய அவா. உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நாய்களை வளர்த்து அக்கம்பக்கத்தாரைத் தூங்கவிடாமல் செய்ததாகவும், அதற்காக அரசாங்கம் என்மேல் வழக்குத் தொடுத்திருப்பதாகவும் செந்தில் சொன்னானாமே, அது உண்மையா என்று அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் இரண்டு வார்த்தையில் முடிக்கக்கூடிய விஷயம் அல்ல என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். செந்தில் எதையும் ஒன்றரை மடங்காக்கித்தான் சொல்வான் என்பது நமக்குப் புதிதல்ல. வழக்கு எதுவும் இல்லை, போலீஸும் வரவில்லை. வந்தது உள்ளாட்சி மன்றத்திலிருந்து ஒரு கடிதம், அவ்வளவுதான். தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் தபால் பிரித்த உங்களுக்கு, நோட்டீஸ் வேறு, விசாரணைக் கடிதம் வேறு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தது இரண்டாவது வகை.

மணியும் ஜிம்மியும் சேகர் மச்சான் கனடாவுக்கு மாற்றலாகிப் போனபோது விட்டுச் சென்ற நாய்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். மணி பெரியது, வயதாகிவிட்டது, எதற்கும் அவசரப்படாது. ஜிம்மி டெரியர் வகை. முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனால் மணிக்கென்று ஒதுக்கிய தொண்டையையும் சேர்த்து இதற்கே கொடுத்துவிட்டார்கள் போலும். இங்கிலாந்தில் நாய்க்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைப்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். வெளியே அழைத்துப்போகும்போது கழுத்துப் பட்டையில் உரியவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். சேகர் புறப்படும்போது சிப் பதிவை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதால், அவை குரைப்பதற்கும் இப்போது நானே பொறுப்பு. அவன் இருந்த அறைக்கு வேறு ஆள் வைக்கவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். நாய்கள் இருக்கும் வீடு என்றதும் வருகிறவர்கள் யோசிக்கிறார்கள். வாடகையை நானே சமாளித்துக்கொள்கிறேன், அதைப் பற்றி நீங்கள் நினைக்க வேண்டாம்.

இந்தத் தெருவில் வீடுகளை இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். மாடித் தளத்தின் மரச்சட்டங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கின்றன. குளிருக்காக ஜன்னல்களை எல்லாம் அடைத்து வைத்தாலும், இந்தப் பக்கம் குரைப்பது சுவரிலும் சட்டத்திலும் ஏறி அந்தப் பக்கத்துப் படுக்கையறைக்குப் போய்விடுகிறது. அந்தப் படுக்கையறையில் இருப்பவர்தான் புகார் கொடுத்த பெரியவர். ரயில்வேயில் சிக்னல் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். புல்தரையின் ஓரத்தை மண்டியிட்டுக் கத்தரிக்கோலால் நறுக்குவார். வணக்கம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்தக் காலத்துச் சிக்னல் அறைகளில் ஒவ்வொரு ரயிலுக்கும் மணி அடித்த நேரம், கடந்து போன நேரம் என்று ஒரு பதிவேட்டில் நிமிடம் தவறாமல் எழுத வேண்டுமாம். வேலை போனாலும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாய் குரைப்பது அயலாருக்குப் பொறுக்க முடியாத தொல்லை என்று யாராவது புகார் கொடுத்தால், உள்ளாட்சி மன்றம் அதை விசாரித்தே ஆக வேண்டும். ஆனால் இத்தனை டெசிபலுக்கு மேல் குற்றம் என்று அந்தச் சட்டத்தில் அளவுகோல் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் குரைக்கிறது, எத்தனை முறை குரைக்கிறது, எந்த வேளையில், எப்படிப்பட்ட தெருவில் என்பதையெல்லாம் பார்த்து அதிகாரிதான் முடிவு செய்கிறார். அதற்காகப் புகார் கொடுத்தவரிடம் தாள்களைக் கொடுத்து, நாள்தோறும் நேரத்தைக் குறித்து வரச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் ஒலிப்பதிவுக் கருவியும் வைப்பார்கள். தொல்லை உண்மைதான் என்று அதிகாரிக்குத் தோன்றிய பிறகுதான் நோட்டீஸ். அதை எதிர்த்து 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையிடலாம். தகுந்த காரணமின்றி அந்த நோட்டீஸுக்குக் கீழ்ப்படியாமல் இருந்தால்தான் அது குற்றமாகும். நான் இருந்தது இந்தப் படிக்கட்டின் முதல் படியில். செந்தில் என்னைக் கடைசிப் படியில் ஏற்றிவிட்டான்.

கடிதம் வந்த அன்று மாலை பெரியவரின் வீட்டுக்கு நேரில் போனேன். வேலையிடத்தில் எல்லோரும் எழுத்தில் பதில் சொல், வாய் கொடுக்காதே என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தபாலில் பேசுவது என்ன மரியாதை? வாசலில் நின்றபடியே, நாய்கள் எப்போது குரைக்கின்றன என்று வீட்டில் இல்லாத எனக்குத் தெரியாது, நீங்கள் குறித்து வைத்திருந்தால் எனக்கும் ஒரு பிரதி கொடுங்கள் என்று கேட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தவர், உள்ளே போய்க் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். அப்பா, நீங்கள் பார்த்தால் அவரை உடனே வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள். "காலை 5.32: ஆள் வெளியே போகிறார். 5.34: சிறிய நாய். 5.36: பெரியதும் சேர்கிறது. 5.58: பெரியது ஓய்கிறது. 6.10: சிறியது ஓய்கிறது." "11.14: தபால். இரண்டும். 11.17: அமைதி." "இரவு 1.25: தோட்டப் பக்கம். இரண்டும், மிகக் கடுமையாக. காரணம் தெரியவில்லை." ஒரு பக்கத்தைப் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே 5.32 இருப்பதைப் பார்த்து அம்மா எதையாவது நினைத்துக்கொள்ளப் போகிறார்கள். அது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிவிடுங்கள். அதே பக்கத்தில் "இரவு 8.40: ஆண் குரல், தொடர்ச்சியாக, அயல்மொழி. பதில் குரல் இல்லை. நாய்கள் அமைதி" என்று ஒரு வரி இருக்கும். அது நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததாக இருக்கலாம்.

புகாரை உடைக்க வழி தேடுகிறவனுக்கு அந்த நோட்டு எதிரியின் சாட்சி. எனக்கு அதுவே வைத்தியரின் சீட்டாக உதவியது. நாய்கள் நாளெல்லாம் குரைக்கவில்லை. மூன்றே காரணங்களுக்காக, ஏறக்குறைய ஒரே நேரங்களில் குரைக்கின்றன. இது தெரியாமல் நான் மிரட்டிப் பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. நாம் கத்தினால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். வேலையிடத்தில் ஒருவர் மின்அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப் பட்டை வாங்கச் சொன்னார். வேல்ஸ் பகுதியில் அதை 2010இலேயே தடை செய்துவிட்டார்கள். குரைப்பு நின்றாலும் குரைக்க வைத்த பயம் அப்படியே உள்ளே இருக்கும் என்பதால் மருத்துவரும் வேண்டவே வேண்டாம் என்றார்.

மூன்றில் எளியது தபால்தான். இங்கே தபால்காரர் கதவில் உள்ள பிளவு வழியாகக் கடிதங்களை உள்ளே தள்ளுவார். தினமும் ஒருவன் வீட்டுக்குள் கையை நுழைக்கிறான், நாம் குரைத்ததும் ஓடிவிடுகிறான் என்பது ஜிம்மியின் கணக்கு. அதன் பார்வையில் அது தினமும் வெற்றி பெறுகிறது. பிளவை மூடிவிட்டு வெளிச்சுவரில் ஒரு பெட்டி பொருத்தினேன். முன்பக்க ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு உறைபனிக் கண்ணாடிபோல் தோற்றம் தரும் தாளை ஒட்டினேன். நோட்டில் 11.14 என்ற வரியே அதன் பிறகு இல்லை.

இரவு ஒன்றரை மணிக் குரைப்புக்கு காரணம் நரி. லண்டன் முழுவதும் நரிகள் இருக்கின்றன, அப்பா. தெருவிளக்கின் கீழேயே கூச்சமில்லாமல் நடந்து போகும். நான் ஓர் இரவு விழித்திருந்து மாடி ஜன்னலில் பார்த்தபோது, பெரியவர் பின்கதவைத் திறந்து, பனியன்மேல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் வேலியோரமாக ஓர் எனாமல் தட்டை வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் நரி வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் கதவருகே படுத்திருந்த இரண்டும் எழுந்தன. "காரணம் தெரியவில்லை" என்று எழுதிய கைதான் தட்டையும் வைக்கிறது! இதை அதிகாரிக்கு எழுதிப் போட்டால் கோப்பு அன்றைக்கே முடிந்திருக்கும். எழுதவில்லை. அந்த வேளைக்கு விழித்திருந்து காத்திருக்க அவருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. மறுநாள் போய், தட்டைத் தோட்டத்தின் அந்தக் கோடியில் வைத்தால் நரி நிம்மதியாகச் சாப்பிடுமே, என் நாய்கள் அதை விரட்டுகின்றனவே என்று நரியின் சார்பாகப் பேசினேன். வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, சரி என்றார். இப்போது தட்டு அந்தக் கோடியில்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் கடினமாக இருந்தது. நான் வெளியே போனதும் தொடங்கும் குரைப்பு கோபத்தால் வருவதல்ல, தனியாக விடப்பட்ட கலக்கத்தால் வருவது. பழைய கைபேசியை அலமாரியில் வைத்துப் படம் பிடித்துப் பார்த்தேன். ஜிம்மி கதவைப் பார்த்து ஊளையிடுகிறது. மணி என் செருப்பின்மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டு அவ்வப்போது அதற்குத் துணைக் குரல் கொடுக்கிறது. 1824இல் இதே லண்டனில் தொடங்கிய ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நலச் சங்கம், நாயை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விட வேண்டாம் என்கிறது. பகல் நடுவில் வந்து நடத்திச் செல்ல அடுத்த தெருவில் ஒரு கல்லூரிப் பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறேன். இரவு 11 முதல் காலை 7 வரையிலான சத்தத்துக்கு இங்கே தனியாகவே ஒரு சட்டம் உண்டு, 5.34 அதற்குள் வருகிறது என்பதால் ஷிப்டை மாற்றிக் கேட்டு வாங்கினேன். அதிகாலை வேலைக்கென்று தருகிற கூடுதல் தொகை போகும், பெரிய விஷயமில்லை. அதோடு, கோட்டை மாட்டிச் சாவியை எடுத்துவிட்டுப் போகாமல் உட்கார்வது, கதவைச் சாத்தி ஒரு நிமிடத்தில் திரும்புவது, பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நீட்டுவது என்று ஒரு பயிற்சி. பள்ளத்தில் தின்பண்டம் அடைத்த ரப்பர் பொம்மையை நான் புறப்படும்போது மட்டும் கொடுக்கிறேன். இப்போது மணி அசைவதில்லை. ஜிம்மி சில நாட்களில் இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

நவம்பர் 5இல் மட்டும் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. 1605இல் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதற்காக அன்று நாடெங்கும் வாணம் விடுகிறார்கள். சாதாரண நாட்களில் இரவு 11 மணியோடு நிறுத்த வேண்டிய வெடியை அன்று 12 வரை வெடிக்கலாம். தீபாவளி இரவில் 1 மணி வரைகூட வெடிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் தம்பி நம்ப மாட்டான். இந்தத் தெருவில் அன்று ஒரு வெடிகூட வெடிக்கவில்லை, ஆனால் தூரத்துச் சத்தமே நாய்களுக்குப் போதும். நான் நாய்களோடு மாடிப்படியின் கீழே உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. இரண்டையும் அழைத்துக்கொண்டு நடக்கும்போது தெருவில் ஒரு குரலும் கேட்பதில்லை. நம் வாசலில் எந்த நாய் யாருடையது என்று யாராவது கேட்டதுண்டா? விடிய விடியக் குரைத்தாலும் நீங்கள் புரண்டுகூடப் படுக்க மாட்டீர்கள். அவை திடீரென்று ஓய்ந்துவிட்டால்தான் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போவீர்கள், அம்மா பின்னாலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள் என்பார்கள். அந்தக் குரலை இங்கே சில இரவுகளில் மிகவும் தேடுகிறேன். சரி, அது இருக்கட்டும்.

உள்ளாட்சி மன்றத்திலிருந்து, மேல்நடவடிக்கை தேவைப்படவில்லை என்று கடிதம் வந்துவிட்டது. அதைச் செந்திலிடம் காட்டுங்கள், நகலும் வைத்திருக்கிறேன்.

கிழக்கு வயல் விஷயமாக நீங்கள் கேட்ட பவர் பத்திரத்தை இங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் பெற்று அனுப்புகிறேன். அது கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் உறையின்மேல் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வயல் முழுவதையும் விற்க வேண்டாம். கிணற்றடியை ஒட்டிய பங்கு கலாவின் பெயரிலேயே இருக்கட்டும். நகைக்காக நான் அனுப்புவதாகச் சொன்ன தொகையை இரண்டு தவணையாக அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். மொத்தமாக அனுப்பினால் வங்கியில் கேள்வி கேட்பார்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார். பொங்கலுக்கு வரும் எண்ணத்தை விட்டுவிட்டேன், நாய்களை விட்டு வர ஆள் இல்லை. கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன். அம்மாவின் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியப்பாவின் கையெழுத்தை மட்டும் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தன் பெயர் எந்த வரியில் வந்திருக்கிறது என்று பார்த்த பிறகு அவர் பேனாவைத் தொடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்