இல்லாத ஜோன்ஸும் இருந்த அன்னாவும்

டி.ஜி. ஜோன்ஸ் கடைகளின் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியக் கடைத்தெருக்களில் இருந்த செய்தித்தாள், புத்தகம், எழுதுபொருள் விற்கும் ஏறத்தாழ 480 டபிள்யூ.ஹெச். ஸ்மித் கடைகள் 2025இல் கைமாறியதையும், ரயில், விமான நிலையக் கடைகளை வைத்துக்கொண்ட பழைய நிறுவனமே பெயரையும் வைத்துக்கொண்டதையும் நீங்கள் அறிவீர்கள். வாங்கிய கடைகளுக்கு டி.ஜி. ஜோன்ஸ் என்று வேறு பெயர் சூட்டியதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பழைய கடை ஒவ்வொன்றின் வாசலிலும், அது தொடங்கிய ஆண்டையும் நிறுவனர்களின் பெயர்களையும் பொறித்த சிறு பலகை ஒன்றை வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

1792இல் லண்டன் லிட்டில் குரோவ்னர் தெருவில் ஹென்றி வால்டன் ஸ்மித்தும் மனைவி அன்னாவும் செய்தித்தாள் வணிகத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் கணவர் இறந்துவிட, கைக்குழந்தையோடு நின்ற அன்னாதான் 1816இல் தாம் இறக்கும்வரை தொழிலைக் காப்பாற்றினார். கடைப் பெயர்ப்பலகையில் ஏறியதோ அந்தக் குழந்தை வில்லியம் ஹென்றியின் பெயர். இப்போது அந்த இடத்தில், குடும்ப உணர்வைத் தருவதற்காகவே உருவாக்கப்பட்ட, எங்குமே வாழ்ந்திராத ஒரு ஜோன்ஸ் அமர்ந்திருக்கிறார். கற்பனைக் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதையில் ஒரு பங்காவது அந்தக் கைம்பெண்ணுக்குக் கிடைக்கக் கூடாதா?

பெயர் கைவிட்டுப் போனதால் வரலாறும் போயிற்று என்று நீங்கள் கருதலாம். 1848இல் யூஸ்டன் ரயில் நிலையத்தில் திறந்த புத்தகக்கடை பழைய நிறுவனத்தின் பெருமையாகவே இருக்கட்டும். ஆனால் 1905இல் இரண்டு பெரிய ரயில்வே நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் கைநழுவியபோது, நிலையங்களை விட்டு வெளியேறி அருகிலிருந்த தெருக்களில் அவசர அவசரமாகக் கடைகளைத் திறந்ததால்தான் அந்த நிறுவனம் பிழைத்தது. அந்தத் தெருக்கடைகளின் வாரிசுகள் நீங்களே. 1966இல் அந்நிறுவனத்துக்காகப் பேராசிரியர் கார்டன் ஃபாஸ்டர் வகுத்த ஒன்பது இலக்க முறையிலிருந்து பிறந்ததுதான் இன்று சென்னையில் அச்சாகும் நூலின் பின்னட்டையிலும் காணப்படும், நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண். கல்லாவில் பெரிய சாக்லேட்டை வாங்கச் சொல்லி நச்சரித்ததற்காக மட்டும் அந்தக் கடை நினைக்கப்படுவது நியாயமன்று.

இதில் அதிகம் அலைக்கழிபவர்கள் அஞ்சலகத்துக்கு வரும் முதியவர்கள். பல ஊர்களில் தனிக் கட்டடத்தில் இருந்த அஞ்சலகம் மூடப்பட்டு, ஸ்மித் கடையின் பின்புறத்துக்கு, வாழ்த்து அட்டை அடுக்குகளுக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டது. தடியூன்றி அங்கே வரப் பழகியவர், இன்று அறிமுகமில்லாத பெயரைக் கண்டு, அஞ்சலகம் உள்ளே இருக்கிறதா, அதுவும் போய்விட்டதா என்று வாசலிலேயே விசாரிக்க வேண்டியிருக்கிறது. முதலீட்டுக் கணக்கில் இந்தத் தயக்கத்துக்குத் தனிப் பத்தி இராது என்பது தெரிந்ததே.

கோபம் சற்று மேலிட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்தப் பலகையை வையுங்கள். அதில் அன்னாவின் பெயரை முதலில் பொறியுங்கள். உள்ளே அஞ்சலகம் உண்டா என்பதையும் முதியவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் எழுதுங்கள். ஒரு கடையை மூட நேர்ந்தால், பலகையை அவ்வூர் நூலகத்திடம் ஒப்படைத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செய்தித்தாளை இன்னும் காசு கொடுத்து வாங்கும் ஒருவர்