செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கைக்கு எட்டாத பேஸ்

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை, பேஸ் கிட்டார் வாசிப்பவர்களான நம் சங்கத்தில் நடந்ததை எழுதுகிறேன். பொதுக்குழு நாளில் பாதிப் பேருக்குக் கச்சேரி இருந்ததால் வர முடியவில்லை, அவர்கள் கேட்டுக்கொண்டதால் அன்று வாசித்ததைவிடக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். உறுப்பினர்கள் இப்போது 46 பேர். ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தார்கள், அதில் இருவர் பெண்கள். செயற்குழு ஆறு முறை கூடியது.

ஆறு கூட்டத்திலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. நல்ல பேஸ் கிட்டார், அதாவது பாட்டின் கீழ்ச் சுரங்களை வாசிக்கிற கிட்டார், வாங்க முடியவில்லை. கடையில் கேட்டால் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று சொல்ல மாட்டார்கள், வந்தாலும் சொன்ன விலை இருக்காது. அதனால் இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

இது போன வருடம் ஆரம்பித்த கதை இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, ரெக்கார்டிங் எல்லாம் ஒரே வாரத்தில் நின்றுபோனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வீட்டு வாடகைக்காகவும் பிள்ளைகளின் ஃபீஸுக்காகவும் பேஸை விற்றவர்கள் நம் சங்கத்தில் மட்டும் ஒன்பது பேர். அதே வருடம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்கள் கிட்டார் கற்றுக்கொள்ளக் கிளம்பினார்கள். அமெரிக்க கிட்டார் கம்பெனியான ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே அதிகம் விற்ற வருடம் 2020 என்று அறிவித்தது. நாம் விற்றுக்கொண்டிருந்த நேரத்தில் உலகம் வாங்கிக்கொண்டிருந்தது. எழுபதாயிரத்துக்குக் கைமாறிய, ஃபெண்டரின் ஒரு அமெரிக்கன் ஜாஸ் பேஸின் ஜோடியை இன்று தேடினால் இரண்டு லட்சத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை. அந்த ஒன்பது பேரில் இருவர்தான் விற்றதற்கு ஈடான வாத்தியத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். மற்ற ஏழு பேரும் இரவல் வாங்கியோ, முதல் பேஸாகப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற மாதிரியான ஒன்றை வைத்தோ ஓட்டுகிறார்கள். இதை எழுதும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

விலை ஏன் ஏறுகிறது என்று ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதலில் ரூபாய். 2011 தொடக்கத்தில் டாலர் 45 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. 2,000 டாலர் பேஸ் அன்று 90 ஆயிரம். தயாரிப்பாளர் ஒரு டாலர்கூட ஏற்றவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இன்று அது 1 லட்சத்து 70 ஆயிரம். இதற்கு மேல் சுங்க வரி. அதையும் கிட்டாரின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, கப்பல் அல்லது விமானக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த தொகைக்குப் போடுகிறார்கள். அதன் மேல் சர்சார்ஜ். இவை எல்லாம் கூடிய மொத்தத்துக்கு ஐஜிஎஸ்டி. வரிக்கே வரி கட்டுகிறோம் என்று நம் பொருளாளர் சொல்வது சரிதான்.

அடுத்தது மரம். பேஸின் உடலுக்குப் பேர்போன ஸ்வாம்ப் ஆஷ் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்பு நிலத்தில் வளர்வது. அங்கே வெள்ளம் வடியாமல் நிற்பதால் வெட்டி எடுப்பதே சிரமமாகிவிட்டது. இன்னொரு பக்கம், 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை நிற வண்டு ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருக்கிறது. 2020-இல் ஃபெண்டர் தன் வழக்கமான மாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆஷ் பயன்படுத்துவதை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. 1950களிலிருந்து அந்தக் கம்பெனியின் அடையாளமாக இருந்த மரம் அது.

ஃப்ரெட்போர்டு, அதாவது விரலால் கம்பியை அழுத்துகிற பலகை பற்றிப் பேசினால் பேச்சு நம் மலைக்கே வந்துவிடும். ரோஸ்வுட் என்று கேட்டலாக்கில் போடுகிறார்களே, அதில் ஒரு பெரும்பங்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். 2017 ஜனவரி 2 முதல் அந்த மரப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்கிற, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. நாடு விட்டு நாடு அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும் என்றதும் கம்பெனிகள் பாவ் ஃபெரோ போன்ற வேறு மரங்களுக்குத் தாவின, பல ஆர்டர்கள் துறைமுகத்திலேயே காத்துக் கிடந்தன. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் கடைசியில் விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கும் கிடையாது, 1992-இலிருந்து அது கடுமையான பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் 1960களின் பழைய பேஸ்களை எல்லை தாண்டி விற்பது அவ்வளவு பெரிய வேலை. இந்தக் கட்டுப்பாடுகள் நமக்குத் தொந்தரவுதான், ஆனால் நான் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஈட்டி ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்குப் பருக்க மூன்று தலைமுறை ஆகும். மரம் தீர்ந்த பிறகு யாரும் பேஸ் செய்ய முடியாது.

அப்புறம், சில பேஸ்கள் எப்போதுமே குறைவாகத்தான் வரும். ரிக்கன்பேக்கர் கலிஃபோர்னியாவில் சாண்டா அனாவில் உள்ள ஒரே தொழிற்சாலையில்தான் செய்கிறது, வேறு நாட்டில் மலிவு மாடல் போடுவதே இல்லை. இங்கிலாந்தின் வால் பேஸ் வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983-இல் புரூக்ளினில் தொடங்கிய ஃபொடெராவில் ஒன்றை நம் விருப்பப்படி செய்யச் சொன்னால் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். கையால் செய்கிறவர்கள் வேகமாகச் செய்ய முடியாது, அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. பெட்டியைத் திறக்காமலேயே வாங்கி வைத்து, விலை ஏறினதும் விற்கிறார்களே, அவர்கள் மேல்தான் வருத்தம். 1965-இல் ஃபெண்டரை சிபிஎஸ் கம்பெனி வாங்கியது, அதற்கு முன் செய்தவை என்றால் தனி மதிப்பு. அவை இன்று பெரும்பாலும் வாசிப்பவர் கையில் இல்லை.

விலை குறைந்ததை வைத்து வாசிக்கக் கூடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள். வாசிக்கலாம், பலர் நன்றாகவே வாசிக்கிறார்கள். இந்தோனேசியாவில் செய்து வருகிற சில பேஸ்கள் இருபது வருடத்துக்கு முந்தைய இரண்டாம் தரத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஐந்து கம்பி பேஸான ஃபைவ் ஸ்ட்ரிங்கில் லோ பி என்கிற மிகக் கீழான கம்பி என்று வரும்போது வித்தியாசம் காதில் அடிக்கும். நாலு கம்பி பேஸின் இ கம்பி 41 ஹெர்ட்ஸ், லோ பி 31 ஹெர்ட்ஸ் கூட இல்லை. நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, உறுதியாக இல்லாவிட்டால் அந்தச் சுரம் குழைந்து சேறு மாதிரி ஆகிவிடும். ரெக்கார்டிங்கில் இன்ஜினியர் ஒருமுறை சொல்வார், இரண்டாவது முறை கீபோர்டிலேயே பேஸ் போட்டுவிடுவார். நமக்கு அந்த நாள் சம்பளம் போச்சு.

சரி, சங்கம் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

செப்டம்பரில் சாலிகிராமத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், பேஸைச் சரிசெய்து வைத்துக்கொள்கிற செட்டப் வகுப்பு நடத்தினோம். புதியது வாங்க முடியாதபோது கையில் இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும் என்பதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றின் ஈரத்துக்கு எந்த நெக்கும் வளையும். நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட்களில் முதலாவதிலும் கடைசியிலும் கம்பியைச் சேர்த்து அழுத்திக்கொண்டு நடுவில் இடைவெளியைப் பார்ப்பது, ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும் என்பது, நெக்குக்குள் வளைவைச் சரிசெய்ய இருக்கிற டிரஸ் ராடை ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் ஒரு நாள் விட்டுப் பார்ப்பது, இதையெல்லாம் மூத்தவர்கள் செய்து காட்டினார்கள். வந்த 22 பேஸில் மூன்றை அதன் சொந்தக்காரர்கள் குப்பை என்று முடிவு கட்டியிருந்தார்கள். மூன்றும் இப்போது மேடையில் ஒலிக்கின்றன.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. நம் உறுப்பினர் ஒருவர் ஒரு கடையில் முழு முன்பணம் கட்டினார். ஏழு மாதம் காத்திருந்த பிறகு விலை ஏறிவிட்டது, இன்னும் 40 ஆயிரம் கொடுத்தால்தான் பேஸ் என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் நம்மால் முன்பணத்தை மட்டுமே திரும்ப வாங்கித் தர முடிந்தது, அதற்கே நாலு நடை நடந்தோம். இனி யார் ஆர்டர் கொடுத்தாலும் விலை, கெடு, பணம் திரும்பக் கிடைக்கும் விதம் மூன்றும் ரசீதில் இருக்கட்டும். பழையது வாங்குகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். நெக்கைக் கழற்றி உள்ளே உள்ள தேதி முத்திரையைப் பார்க்காமல் பணம் தர வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டின போலிகள் நிறைய நடமாடுகின்றன.

இந்த வருடத்தின் பெரிய விஷயத்தை இப்போது சொல்கிறேன். போன ஆடியில் காலமான நம் மூத்த அண்ணனின் பேஸ் சங்கத்துக்கு வந்திருக்கிறது. 1983-இல் பர்மா பஜாரில் வாங்கியது, ஃபெண்டரின் இன்னொரு பிராண்டான ஸ்குவையர், ஜப்பானில் செய்த ஜேவி வரிசை. அன்று ஃபெண்டருக்கு மலிவு மாற்று என்று விற்றதை இன்று உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். அண்ணன் காலமான அதே மாதத்திலேயே மூன்று பேர் வீட்டுக்கு வந்து விலை பேசியிருக்கிறார்கள். அண்ணி யாருக்கும் கொடுக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு, "சுவத்துல மாட்டக் கூடாது, தினம் யாராவது வாசிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிப் பெட்டியோடு கொடுத்தார்கள். அன்று செயற்குழுவில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அது இப்போது சங்கத்தின் பொது பேஸ். ரெக்கார்டிங்கோ முக்கியமான கச்சேரியோ உள்ள எந்த உறுப்பினரும் நாலு நாள் வரை எடுக்கலாம், வாடகை இல்லை. கம்பி மாற்றுகிற செலவு எடுத்தவருடையது. வெயிலில் நிற்கும் காரில் வைக்கக் கூடாது. முதல் உரிமை 2020-இல் பேஸை விற்று இன்னும் ஈடானதை வாங்க முடியாத ஏழு பேருக்கு என்று தீர்மானம் போட்டோம், எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. இதேபோல் ஒரு நல்ல ஃபைவ் ஸ்ட்ரிங்கும் சங்கத்துக்குச் சொந்தமாக வேண்டும் என்பது என் ஆசை, அதற்குத் தனி நிதி தொடங்க வரும் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

கணக்கு: தொடக்க இருப்பு 38,450 ரூபாய். சந்தா 41 பேர் தலா 600 கட்டியதில் 24,600, வகுப்புக்கு வந்த நன்கொடை 6,000. செலவில் கூட்ட அறை வாடகை 9,600, ஃப்ரெட் அரம் முதலிய கருவிகள் 7,250, ஒரு உறுப்பினரின் மருத்துவ உதவி 10,000. கையிருப்பு 42,200. சந்தா பாக்கியுள்ள ஐந்து பேரும் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

பொது பேஸ் 18-ஆம் தேதி வரை முன்பதிவாகியிருக்கிறது. 19 முதல் காலி, வேண்டியவர்கள் என்னிடம் சொல்லுங்கள். போன வாரம்தான் புதுக் கம்பி போட்டது.