புகார் கொடுக்க வருபவரின் இரகசியங்களுக்கு யார் காவல்?

மனநல ஆலோசகர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் உரிமம் வழங்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நல்ல சிகிச்சையாளர் ஒருவர் கிடைத்ததால் மீண்டு வந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தொழிலின் மேல் இருக்கும் மரியாதையில்தான் இதை எழுதுகிறேன்.

உரிமம் கொடுக்கும்போது நீங்கள் கண்டிப்பாக இருக்கிறீர்கள். கலிபோர்னியாவில் குடும்பநல சிகிச்சையாளர் ஆக, முதுகலைப் பட்டத்துக்கு மேல் 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும், தேர்வும் உண்டு. சரி, உரிமம் வாங்கிய பிறகு அவர் தவறு செய்தால்? புகார் கொடுப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு படிவமும் நீண்ட மௌனமும்தான்.

இந்தத் துறையில் புகார் கொடுப்பது மற்ற துறைகளைப் போல இல்லை. அறுவை சிகிச்சையில் பிழை நேர்ந்தால் ஸ்கேனிலாவது தெரியும். இங்கே மூடிய அறைக்குள் இரண்டே பேர். எழுத்தில் இருக்கும் சாட்சி பெரும்பாலும் சிகிச்சைக் குறிப்புகள் மட்டும்தான். அதையும் எழுதியவர், குற்றம் சாட்டப்பட்டவரே. அதை நீங்கள் பார்க்கப் புகார்தாரர் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. சிறுவயதில் நடந்தது, தாம்பத்தியம், சாக நினைத்த நாட்கள் என்று ஒரே ஒருவரை நம்பிச் சொன்னதெல்லாம் முன்பின் தெரியாத அதிகாரிகளின் மேசைக்குப் போகும். அந்தக் கையெழுத்தை நினைத்தே பின்வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். புகாருக்குத் தொடர்பான அமர்வுகளின் குறிப்புகளை மட்டும் கேளுங்கள். முழுக் கோப்பும் வேண்டுமென்றால், ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

அப்புறம், ‘இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள்?’ என்ற கேள்வி. எல்லை மீறல் ஒரே நாளில் நடப்பதில்லை. அமர்வு கொஞ்சம் நீளும், இரவில் குறுஞ்செய்தி வரும், சிகிச்சையாளர் தன் சொந்தக் கஷ்டங்களைச் சொல்லத் தொடங்குவார். தனக்குக் கிடைத்த தனி அன்பு என்றே அதை நினைத்தவருக்கு, தவறு புரியவே காலம் பிடிக்கும். சிகிச்சை முடிந்து குறைந்தது 2 ஆண்டுகளுக்கு முன்னாள் பயனாளியோடு பாலுறவு கூடாது என்கிறது அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை. அமெரிக்க ஆலோசகர் சங்கம் 5 ஆண்டுகள் என்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் அந்தப் பிடி விடாது என்று துறையே ஒப்புக்கொள்கிறது. பிறகு, தாமதமாக வந்த புகாரைச் சந்தேகத்தோடு பார்ப்பது என்ன நியாயம்?

எங்கே புகார் கொடுப்பது என்பதே பலருக்குத் தெரியாது. கலிபோர்னியாவில் 2020 ஜூலை முதல், சிகிச்சை தொடங்குமுன் சிகிச்சையாளரே அந்த விவரத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இதற்குப் பெரிய செலவும் இல்லை, மற்ற இடங்களிலும் செய்யலாம்.

உரிமத்தைப் பறித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இருக்க முடியாது. பிரிட்டனில் ‘மருத்துவ உளவியலாளர்’ என்று போட்டுக்கொள்ள அரசுப் பதிவு வேண்டும். ‘உளச்சிகிச்சையாளர்’, ‘ஆலோசகர்’ என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பதிவிலிருந்து நீக்கப்பட்டவரும் வேறு பலகை மாட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்யலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் பட்டப்பெயரோடு நிற்கவில்லை. கடுமையான மனநலக் கோளாறுக்கு உளச்சிகிச்சை அளிக்கும் செயலையே சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கிறது. உங்கள் அரசுகளிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பொய்ப் புகார்களும் வரலாம். இரகசியக் காப்பு விதியால், குற்றம் சாட்டப்பட்டவர் பொதுவெளியில் தன் பக்கத்தைச் சொல்ல முடியாது; அதுவும் கொடுமைதான். விசாரணை சீக்கிரம் முடிந்தால் அவருக்கும் நல்லது. எந்தப் பக்கம் முடிவானாலும் காரணத்தோடு ஒரு கடிதம் எழுதிப் புகார்தாரருக்கு அனுப்புங்கள். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
சிகிச்சையால் பயனடைந்த ஒருத்தி