செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் மாணவர்களை ஓடைக்கு அழைத்துப் போனோம். கரையில் குப்பை அகற்றினோம்.

பொதிகை அடிவார ஓடையில் மீன்களைக் கவனிக்கவும் எண்ணவும் நாம் நடத்தும் நீரடி வீடியோப் பதிவு பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். "சங்கப் பணமெல்லாம் கேமராவுக்கே போகிறது" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

கேமராவைச் செங்கல்லில் கட்டி, பாறைக்கு ஒன்றரை அடி தள்ளி, லென்ஸ் நீர் ஓடும் திசையைப் பார்க்க வைக்கிறோம். எதிர்த்து வைத்தால் சருகு வந்து அப்பிக்கொள்ளும். உச்சி வெயிலில் பாறைமேல் ஒளி நெளிவதால், கர்ரா மீன் பாசி சுரண்டுகிறதா, வெளிச்சம்தான் ஆடுகிறதா என்று பிரிக்க முடியாது. ஆகவே காலையிலேயே முடிக்கிறோம். ஆள் இறங்கினால் மீன் ஒதுங்கும். அதனால் முதல் 15 நிமிடம் கணக்கில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல், பதிவே இல்லை.

இரண்டு பதிவுகள் வீண். ஒன்றில் கேமரா உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி, தண்ணீர் புகுந்துவிட்டது. மற்றதில் ஈரக்கையோடு உறையை மூடியதால், குளிர்ந்த நீரில் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்தது. இப்போது வீட்டிலேயே மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுகிறோம்.

எண்ணுவதில்தான் தகராறு. ஒரே கெண்டை பத்துத் தடவை வந்துபோகும். வந்ததையெல்லாம் கூட்டக் கூடாது; ஒரே ஃப்ரேமில் அதிகபட்சம் எத்தனை தெரிகிறதோ, அதுவே எண்ணிக்கை. கூட்டி அனுப்பிய பட்டியல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. கோபித்துப் பயனில்லை.

ஒரு மணி நேரப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க மூன்று மணி நேரம் பிடிக்கும். ஓடையில் இறங்க 14 பேர் வருகிறார்கள். பார்க்க உட்காருவோர் மூவர். வீட்டுக்குப் போன மெமரி கார்டுகளில் நான்கு திரும்பவில்லை. அவற்றில் கல்யாண வீடியோ ஏறியிருக்காது என நம்புகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு ஓரளவு உண்டு. சந்தா பாக்கி அதைவிட அதிகம்.

கூட்டத்துக்கு மாடி தந்த துணைத்தலைவருக்கும், ஓடைக்கு வழிவிட்ட தோட்டக்காரருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அயிரை இரவில் மணலை விட்டு எப்போது வெளிவருகிறது என்று பார்க்க எண்ணம். மீன் மிரளாமல் இருக்கச் சிவப்பு விளக்கு வேண்டும். சிவப்பு நீரில் சீக்கிரம் மங்குவதால் அதை அடியளவு தூரத்தில் வைத்தாக வேண்டும். உபரி பேட்டரியும் தேவை. பாக்கிச் சந்தா வந்தால் இரண்டும் வாங்கலாம். செயலாளர் பொறுப்பை யாரேனும் ஏற்க முன்வந்தால் இன்றே ஒப்படைக்கத் தயார்: கேமரா, செங்கல், இன்னும் யாரும் பார்க்காத 23 மணி நேரப் பதிவு.

செயலாளர்