மணியத்துக்கு, காப்பாரிலிருந்து

அன்புள்ள மணியம்,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு டின் எப்போதோ காலியாகி, அதில் இப்போது என் வீட்டுக்காரி ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறாள். பதில் எழுதாமல் இழுத்தடித்ததற்கு அதுவே சாட்சி. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்ததா? நெட்டையன் முட்டி ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இனிமேல் தோற்றாலும் கேரம் பலகையைத் தூக்கி எறிய மாட்டானாம், நீ நம்பாதே. தோட்டத்தில் வேலை வாங்கிய தண்டலின் மகன் இன்னொரு லோரி வாங்கிவிட்டான். அதன் நெற்றியிலும் முனீஸ்வரர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “காப்பார்ல இப்ப யாருடா எம்.பி.? நம்ம சீட்டை இப்படித் தூக்கிக் கொடுத்துட்டீங்களே” என்று குரல்பதிவு அனுப்பியிருந்தாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். புக்கிட் மெர்தாஜாமில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் குறை சொல்கிறாய். போனில் பேசினால் உனக்குப் பாதகமான இடம் வரும்போது ‘சார்ஜ் போயிடுச்சு’ என்பாய். அதனால்தான் எழுத்தில்.

2022 நவம்பரில் இஸ்லாமியக் கட்சியான பாஸின் ஹலிமா அலி ஜெயித்தார். அது உனக்குத் தெரியும், தெரிந்துதான் சீண்டுகிறாய். ஆனால் “நம்ம சீட்” என்கிறாயே, காப்பார் எப்போதடா நம்முடையதாக இருந்தது? மலேசியாவில் 222 நாடாளுமன்றத் தொகுதி இருக்கிறது. இந்தியர் பாதிக்கு மேல் உள்ள தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. மலாய்க்காரர் ஓட்டும் சீனர் ஓட்டும் சேராமல் இங்கே எந்தத் தமிழனும் ஜெயித்ததில்லை. அப்போது ஆண்ட தேசிய முன்னணிக் கூட்டணி மேசையில் பங்கு பிரிக்கும்போது இந்தியர் கட்சியான மஇகா பக்கம் தள்ளி வைக்கப்பட்ட இடங்களில் காப்பாரும் ஒன்று, அவ்வளவுதான். 1986இல் விஜேந்திரன், அப்புறம் மகாலிங்கம், 2004இல் கோமளா தேவி. யார் நிற்பது என்று கோலாலம்பூரில் முடிவாகும். நமக்குப் போஸ்டர் வந்த பிறகுதான் முகம் தெரியும்.

தோட்டத்தில் ஓட்டுப் போடப் போன லட்சணம் ஞாபகம் இருக்கிறதா? காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் தண்டல் வாக்காளர் பெயரையும் கூப்பிடுவார். லோரியின் பின்கதவைத் திறந்து பெண்களை முதலில் ஏற்றுவார்கள். என் அம்மா கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு, ஐ.சி. அடையாளக் கார்டைக் கைக்குட்டையில் முடிந்து, அதை ரவிக்கைக்குள் வைத்திருப்பார். திரும்பி வரும்போது ஆளுக்கொரு பொட்டலம் சோறு. தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்குப் போட்டோமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கத் தேவையே இருக்கவில்லை. அதைத்தான் நீ ‘நம்ம சீட்’ என்று கொண்டாடுகிறாய்.

அந்தக் கணக்கு 2008இல்தான் கலைந்தது. பாடாங் ஜாவாவில் 2007 தீபாவளிக்கு முந்தின வாரம் மாரியம்மன் கோயிலை உடைத்தார்கள். நவம்பர் 25ஆம் தேதி, இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் பேரணி. அன்றைக்கு அம்பாங் சாலையில் நீ ஒற்றைச் செருப்போடு ஓடிய ஓட்டத்தைத் தண்டல் மகன் இன்றுவரை கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறான். 2004இல் மஇகா நின்ற 9 நாடாளுமன்ற இடத்திலும் ஜெயித்தது. 2008 மார்ச் 8 இரவு மிஞ்சியது 3. சுங்கை சிப்புட்டில் மஇகா தலைவர் சாமிவேலுவே 1,821 ஓட்டில் டாக்டர் ஜெயகுமாரிடம் தோற்றார். இங்கே மாணிக்கவாசகம் ஜெயித்தார்.

அப்பா அப்போது இருந்தார். வீட்டுக்கு வந்த துண்டறிக்கையைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, “மாணிக்கவாசகமா? அவர் 79லயே செத்துப் போயிட்டாரேடா” என்றார். அவருக்குக் கிள்ளானில் 1959லிருந்து எம்.பி.யாக இருந்த பழைய வீ. மாணிக்கவாசகம்தான் மாணிக்கவாசகம். இவர் வேறு ஆள், அதுவும் எதிர்க்கட்சி என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அந்தத் தேர்தலில் விரலில் மை வைப்பதாக இருந்து, நான்கு நாளுக்கு முன்னால் ரத்து செய்தார்கள் அல்லவா? அப்பாவுக்கு அந்தச் சேதி ஏறவே இல்லை. முதல் சாலுரானில், கிழவர்கள் வரிசையில், சுட்டுவிரலை நீட்டிக்கொண்டே நின்றார். கடைசிவரை எதிர்க்கட்சிக்குப் போட்டாரா, செத்துப்போன மாணிக்கவாசகத்துக்குப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது.

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாதது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி.

2008இல் காப்பாரில் 112,224 வாக்காளர். நாட்டிலேயே பெரிய தொகுதி. அதே தேர்தலில், அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் நகரமான புத்ராஜெயாவில் 6,608 பேர். அவர்களுக்கும் ஓர் எம்.பி., நமக்கும் ஓர் எம்.பி. வகுத்துப் பார். அங்கே ஓர் அரசாங்கக் குமாஸ்தா போடுகிற ஓட்டுக்கு இங்கே பதினேழு பேர் போட வேண்டும். நீ, நான், நெட்டையன், நம் மூன்று பேர் குடும்பம், பூக்கடை அக்கா, அவள் மருமகன், எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் அந்த ஒரு குமாஸ்தா தேறுவான். 2013இல் காப்பார் 144,159 ஆனது, புத்ராஜெயா 15,791. கொஞ்சம் முன்னேற்றம்தான், பதினேழு பேர் ஒன்பது பேராகக் குறைந்தோம். அந்த வருஷம் தேசிய முன்னணி நாடு முழுக்க வாங்கியது 47 விழுக்காட்டு ஓட்டு, பிடித்தது 133 இடம். எதிர்த்தரப்பு 51 விழுக்காட்டுக்குக் கிட்டத்தட்ட வந்தும் நாற்காலி கிடைக்கவில்லை.

இது தானாக நடந்த காரியம் இல்லை. சுதந்திரம் வாங்கியபோது அரசியலமைப்பில், ஒரு தொகுதி சராசரியைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று எல்லை இருந்தது. 1962இல் அதைத் தளர்த்தி, பெரிய தொகுதியில் பாதி அளவுக்குச் சின்னது இருக்கலாம் என்றார்கள். 1973இல் அந்த எல்லையையும் எடுத்தே விட்டார்கள். ‘கிராமப்புறம் பரந்து கிடக்கும், போக்குவரத்து கஷ்டம், அதனால் அங்கே ஆள் குறைவாக இருக்கலாம்’ என்ற வாசகம் மட்டும் நிற்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆற்றில் படகு ஏறிப் போக வேண்டிய சரவாக் உள்நாட்டுக்குச் சலுகை கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் புத்ராஜெயா எந்தக் காடுடா? அங்கே போக்குவரத்துக்கு என்ன கஷ்டம்?

நாம் எப்படி இவ்வளவு பெரிய கூட்டமாக ஆனோம் என்பதையும் யோசித்துப் பார். தோட்டம் தோட்டமாக இருந்தவரை இந்தப் பக்கம் ஆளைவிட மரம்தான் அதிகம். அப்புறம் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள், செம்பனையை வெட்டித் தாமான் குடியிருப்புகள் கட்டினார்கள். நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடம்தான் இன்றைய செத்தியா ஆலாம். பால் வெட்டிய நிரை எது என்று இப்போது போய்த் தேடினால் பாதுகாவலர் சாவடியில் ஐ.சி. கேட்பான். லயத்து வரிசை வீடுகளிலிருந்து கிளம்பியவர்களில் சிலர் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனார்கள், சிலர் மேருவுக்கு, சிலர் உன்னைப்போல வடக்கே. வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தாமான்களில் குடியேறினார்கள். தொகுதியின் பெயர் மாறவில்லை, உள்ளே இருந்த ஜனம் முழுக்க மாறிவிட்டது. இதில் ‘நம்ம சீட்டை’ நான் எந்தக் கோணிப்பையில் கட்டிக் காப்பாற்றியிருக்க வேண்டும், சொல்லு?

2013இல் மணிவண்ணன் வந்தார். 2018இல் எதிர்க்கட்சியான பி.கே.ஆர். ஒரு மாற்று வேலை செய்தது. கோல லங்காட்டில் இரண்டு தவணை இருந்த தொழிற்சங்கக்காரர் அப்துல்லா சானியை இங்கே கொண்டு வந்து, சேவியர் ஜெயகுமாரைக் கோல லங்காட்டுக்கு அனுப்பியது. இரண்டு பேரும் ஜெயித்தார்கள். அன்றைக்கு ‘தமிழனை எடுத்துட்டாங்க’ என்று பூக்கடை வாசலில் கத்தியவர்கள், அங்கே ஒரு தமிழன் உள்ளே போனதைப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் அப்துல்லா சானி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொழிற்சங்கத்தில் காலம் தள்ளிய மனுஷனுக்குக் கூலிக்காரன் கஷ்டத்தை நாம் போய் விளக்க வேண்டியதில்லை. நம் பெயர் உள்ளவரெல்லாம் நமக்குச் செய்துவிட்டாரா என்ன? தோட்டத்தை விற்றபோது அந்தக் கம்பெனி கொடுத்த காசில் என் அப்பா ஒரு தகரக் கொட்டகைதான் போட முடிந்தது. அந்தச் சமயத்தில் மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நம் ஆட்கள்தான்.

அந்த 2018 தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் தொகுதி எல்லைக் கோடுகளை மாற்றினார்கள். சிலாங்கூர் மாநில அரசே கோர்ட்டுக்குப் போயும் நிற்கவில்லை. மார்ச் 28ஆம் தேதி நாடாளுமன்றத்தில் 129க்கு 80 என்று நிறைவேற்றி, மறுநாளே அரசிதழில் போட்டு, மே 9 புதன்கிழமை ஓட்டு. பக்கத்தில் கிள்ளான் அப்படியே வீங்கிப்போனது. சார்ல்ஸ் சந்தியாகு அங்கே 78,773 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். எல்லாரும் பட்டாசு வெடித்தோம். நான் மட்டும் மறுநாள் உட்கார்ந்து யோசித்தேன்: ஜெயிக்க ஓர் ஓட்டு கூட இருந்தால் போதும், மற்ற எழுபத்தெட்டாயிரமும் என்ன ஆனது? அந்த முறை ‘நாட்டிலேயே பெரிய தொகுதி’ பட்டம் நம்மிடமிருந்து பாங்கிக்குப் போனது. 178,790 பேர். 2022இல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளும் தானாகப் பட்டியலில் சேர்ந்ததும் அதே பாங்கி 303,430. சரவாக்கின் இகானில் 28,290.

தொகுதி எல்லைச் சீரமைப்பு ஒன்று முடிந்து எட்டு வருஷம் ஆகாமல் அடுத்ததைத் தொடங்கக் கூடாது என்பது சட்டம். 2018 மார்ச்சிலிருந்து எண்ணிப் பார், 2026 மார்ச்சோடு அந்தத் தடை தீர்கிறது. அதற்குமேல் எப்போது வேண்டுமானாலும் வரைபடத்தை விரித்துப் பென்சிலை எடுக்கலாம். எடுத்தால், பாதிக்கப்படும் தொகுதியில் பதிவான வாக்காளர் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தால் உள்ளூர் விசாரணை வைத்தே ஆக வேண்டும். கட்சி வேண்டாம், தலைவர் வேண்டாம், நூறு பேர் போதும். போன தடவை நாம் கோயில் திருவிழாவுக்குச் சாமியானா எந்தக் கலர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது இதெல்லாம் நடந்து முடிந்தது. இந்தத் தடவை நானும் நெட்டையனும் இப்போதே நோட்டுப் போட்டுப் பெயர் எழுதத் தொடங்கிவிட்டோம். மலாய்க்காரப் பள்ளிவாசல் கமிட்டியில் இரண்டு பேர், பசாரில் கோழி வெட்டும் ஆ சோங், அடுக்குமாடிக் குடும்பங்கள் என்று நோட்டு கலந்துதான் நிரம்புகிறது. கோடு கோணலாகப் போட்டால் எல்லாருக்கும்தானே இடிக்கும்?

இதில்தான் நீ வருகிறாய். வாக்காளர் முகவரி ஐ.சி.யில் உள்ளதைத்தான் பிடித்துக்கொள்ளும். உன் ஐ.சி.யில் இன்னும் நம் தோட்டத்து லயம்தான் இருக்கிறது என்று போன தடவை வந்தபோது பெருமையாகக் காட்டினாய். அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள், தெரியுமா? பழைய குழாயடிக்கு நேராகத்தான் அந்த நுரைத்தண்ணீர் ஓடுகிறது. 2018இல் ஒழுங்காக வந்து ஓட்டுப் போட்டாய். 2022இல் மழை, வெள்ளம் என்று சாக்குச் சொன்னாய். அங்கேயும் போடாமல் இங்கேயும் போடாமல் நடுவில் தொங்கிக்கொண்டு, ‘நம்ம சீட்’ என்று எனக்குக் குரல்பதிவு வேறு.

இரண்டில் ஒன்று செய். முகவரியை மாற்றிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாமிலேயே ஓட்டுப் போடு, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லையென்றால் தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் உன் பெயர் எந்தத் தொகுதியில், எந்தச் சாவடியில் இருக்கிறது என்று பார்த்துப் படம் பிடித்து அனுப்பு, உன் பெயரையும் நோட்டில் எழுதுகிறேன். தங்கச்சி பெயரையும் பார். உங்கள் பெரியவன் பிறந்ததும் இங்கேதான், அவன் கார்டில் என்ன முகவரி என்று கேள்.

திருவிழா வைகாசியில். சாமியானா மஞ்சள் கலர், அது முடிந்துபோன பேச்சு, வந்து கிளறாதே. வரும்போது ஜாதிக்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில், போன தடவை மாதிரி மூடி லீக் ஆகாமல் கொண்டு வா.

உன்
கணேசு